சாய்ந்த வானம்: ஹைதராபாத்திலிருந்து சென்டாரஸ்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "நட்சத்திரம் பற்றி எழுதுகிறேன்" என்றேன். "ராசிபலனா சார்?" என்று ஆவலோடு கேட்டார் குழுவிலிருந்த இளைஞர். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனாலும் ராசிபலனில் வரும் சித்திரை நட்சத்திரம் இந்தக் கட்டுரைக்கும் தேவைப்படுகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாம் தெற்கே இறங்கப் போகிறோம்.

என் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம். கோடைக் காலத்தில் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்போம். அப்பா தெற்கே கைகாட்டி, பக்கத்துப் பக்கத்தில் பிரகாசமாக நிற்கும் இரண்டு நட்சத்திரங்களைக் காட்டுவார். அவருக்கு அவற்றின் ஆங்கிலப் பெயர் தெரியாது. "ரெண்டு அண்ணன் தம்பி" என்பார், அவ்வளவுதான். தென்னந்தோப்புக்கு மேலே, கையை நீட்டி முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் அவை இருக்கும்.

1974இல் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தேன். பத்மாராவ் நகரில் மாடியோடு ஒரு வாடகை வீடு. மே மாதம் வந்ததும் பழக்கதோஷத்தில் தெற்கே பார்த்தேன். அண்ணன் தம்பியைக் காணோம். பழைய உயரத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

1983 கோடையில் அப்பா எங்களோடு ஒரு மாதம் வந்து தங்கினார். ஒரு நாள் ராத்திரி மாடிக்குப் போனவர் வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, "மக்ளே, இந்த ஊர்ல வானம் சரிஞ்சுல்லா கெடக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று நினைத்தேன். அவர் சொன்னது அட்சர சுத்தமான வானியல் உண்மை என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கணக்கு மிக எளிது. பூமி உருண்டை என்பதால், நாம் வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் தென்வானம் முழுவதும் ஒரு பாகை கீழே இறங்கும். நாகர்கோவில் ஏறக்குறைய 8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஹைதராபாத் 17.4 பாகை. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்த நான், வழியில் ஒன்பது பாகை தென்வானத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 பாகை. அதாவது அப்பாவின் இரண்டு முஷ்டிகளில் ஒன்று போய்விட்டது.

அண்ணன் என்று அவர் சொன்னது ஆல்ஃபா சென்டாரி. அது நாகர்கோவிலில் அதிகபட்சமாக 21 பாகை உயரம் ஏறும். சென்னையில் 16. ஹைதராபாத்தில் 12க்குச் சற்றுக் குறைவு. டெல்லியில் அரைப் பாகை சொச்சம்தான். புழுதியிலும் புகையிலும் அது தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். அடிவானத்துக்கு மேலே இருக்கும் நேரமும் அப்படியே சுருங்குகிறது. நாகர்கோவிலில் ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம், ஹைதராபாத்தில் ஏழரை மணி நேரம் (ஏழரை என்றதும் சனியை நினைக்க வேண்டாம்), டெல்லியில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இழப்பு மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் எட்டுப் பாகை உயரத்தில் மரங்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். இங்கே 17 பாகையில் கௌரவமாக நிற்கிறது. ஆனால் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து யாருக்கு ஏக்கம் வரும்?

எனக்கு இதெல்லாம் விளங்கியது 1986 ஏப்ரலில், ஹாலி வால்நட்சத்திரத்தின் உபயத்தில். அந்த முறை அது வடநாட்டவரை ஏமாற்றிவிட்டுத் தெற்கே போய்விட்டது. பூமிக்கு மிக அருகில் வந்த ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அது வானத்தின் தென்பகுதியில் இருந்ததால், ஐரோப்பாவில் பலராலும் பார்க்க முடியவில்லை. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் வேன் பிடித்து ஊருக்கு வெளியே போனோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் சிறிய தொலைநோக்கி கொண்டுவந்திருந்தார். தெற்கே ஒரு மங்கலான புகைப்பொட்டைக் கண்டதும் எல்லோரும் "அதோ ஹாலி!" என்று கத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே, "அது வால்நட்சத்திரம் இல்லை. வால்நட்சத்திரம் அடுத்த வாரம் இடம் மாறிவிடும், அது மாறாது. அது ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான சூரியன்கள்" என்றார். பிறகு அடிவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்தில் கையை நீட்டி, "இதோ ஆல்ஃபா, இது பீட்டா" என்றார். அண்ணனும் தம்பியும். புதர்களுக்கு மேலே, பணிந்து, லேசாகச் சிவந்து. பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

அப்பா அந்தத் தை மாதமே காலமாகியிருந்தார்.

சென்டாரஸ் என்பது கிரேக்கர்கள் கற்பனை செய்த பாதி மனிதன், பாதிக் குதிரை. நம் 27 நட்சத்திரங்களில் இது சேராது. சந்திரன் போகும் பாதைக்கு வெகு தெற்கே இருக்கிறது. பக்கத்திலேயே, குதிரையின் கால்களுக்கு நடுவில் இருக்கும் தென் சிலுவையைத் திரிசங்கு என்று நம் நாட்டில் சொல்வதுண்டு. சொர்க்கத்துக்கும் போகாமல் பூமிக்கும் திரும்பாமல் நடுவில் தொங்கிய ராஜா. வெளிமாநிலத் தமிழர்களாகிய நம்முடைய குலதெய்வமாக அவரை வைத்துக்கொள்ளலாமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அண்ணன் தம்பி விஷயத்தில் அப்பா ஒன்றில் ஏமாந்திருந்தார். அவர்கள் உறவே இல்லை. ஆல்ஃபா நமக்கு 4.4 ஒளியாண்டு தூரத்தில், அடுத்த வீட்டில் இருக்கிறது. பீட்டா ஏறக்குறைய 390 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்தும் இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்றால் அது எத்தகைய அசுரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: ஆல்ஃபாவிலிருந்து இன்று உன் கண்ணுக்கு வரும் வெளிச்சம் நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் கிளம்பியது; பீட்டாவிலிருந்து வரும் வெளிச்சம் சார்மினார் கட்டிச் சில பத்தாண்டுகள் கழித்துக் கிளம்பியது.

ஆல்ஃபா உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. இதைக் கண்டுபிடித்த இடம் நம் பாண்டிச்சேரி என்பது எத்தனை தமிழர்களுக்குத் தெரியும்? 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் அங்கே ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சென்டாரின் காலிலிருந்த நட்சத்திரம் இரட்டையாகத் தெரிந்ததைக் குறித்துவைத்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. 2016 வாக்கில் நம் பார்வைக் கோட்டில் மிக நெருங்கி வந்தவை இப்போது விலகிக்கொண்டிருப்பதால், சாதாரண மூன்று அங்குலத் தொலைநோக்கியிலேயே பிரித்துப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், ஹைதராபாத் அடிவானக் காற்றில் இரண்டும் கொதிக்கிற எண்ணெயில் போட்ட வடை மாதிரித் துள்ளும், சட்டென்று ஒரு நொடி அமைதியாகி இரண்டாகத் தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பத்து நிமிஷம் குனிந்து நிற்க வேண்டும். மூன்றாவதாக ஒரு கடைக்குட்டியும் உண்டு: பிராக்ஸிமா. 1915இல் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் அதுதான், 4.24 ஒளியாண்டு. அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2016இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் வெறும் கண்ணுக்குப் பிராக்ஸிமா தெரியாது.

இனி ஒமேகா சென்டாரி. என்னைக் கேட்டால், ஹைதராபாத்திலிருந்து பார்க்கக்கூடிய வானத்துப் பொருள்களில் சனியின் வளையத்துக்கு அடுத்தபடி இதுதான். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதை ஒரு நட்சத்திரம் என்றே பட்டியலிட்டார். 1603இல் பாயர் தம் வரைபடத்தில் நட்சத்திரங்களுக்குக் கொடுக்கும் கிரேக்க எழுத்தைக் கொடுத்துவிட்டார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன எட்மண்ட் ஹாலிதான் இது நட்சத்திரம் அல்ல, ஏதோ புகைப்படலம் என்றார். 1830களில் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் பெரிய தொலைநோக்கியால் பார்த்தபோது அது நட்சத்திரங்கள் திரண்ட ஒரு பந்து என்பது சந்தேகமின்றித் தெரிந்தது. வானியலார் இதைக் கோளக் கொத்து என்கிறார்கள். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், 150 ஒளியாண்டு அகலத்துக்குள் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள். நம் பால்வீதியில் இதைவிடப் பெரிய கோளக் கொத்து கிடையாது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மற்றக் கொத்துகளில் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒரே வயது. இதில் பல தலைமுறைகள் கலந்து கிடக்கின்றன. இதனால், இது பால்வீதியில் பிறந்ததே அல்ல, எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தைப் பால்வீதி விழுங்கியபோது மிஞ்சிய நடுப்பகுதி என்று பலரும் கருதுகிறார்கள். 2024 ஜூலையில் இந்தக் கருத்துக்குப் பலமான சான்று ஒன்று வந்தது. ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த 500க்கும் அதிகமான படங்களை ஒப்பிட்டு, கொத்தின் மையத்தில் ஏழு நட்சத்திரங்கள் அசாதாரண வேகத்தில் ஓடுவதைக் கண்டார்கள். அந்த வேகத்தில் ஓடியும் அவை தப்பித்துப் போகாமல் இருக்க வேண்டுமானால், நடுவில் குறைந்தது 8,200 சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்க வேண்டும். புலம் பெயர்ந்து வந்து, சுற்றியிருந்த எல்லாவற்றையும் பறிகொடுத்து, நடுவீட்டை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்லலாமா?

இதற்கு நேர் மேலே நாலரைப் பாகையில் இன்னொன்று: சென்டாரஸ் ஏ, அல்லது என்.ஜி.சி. 5128. இது நம் பால்வீதிக்கு வெளியே, ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள தனி மண்டலம். 1826இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டுபிடித்தார். உருண்டையான அதன் உடம்பின் குறுக்கே, இடுப்பில் கறுப்புத் துண்டு கட்டினாற்போல ஒரு தூசிப் பட்டை. ரேடியோ அலைகளில் வானத்தின் மிகப் பிரகாசமான பொருள்களில் ஒன்று. பைனாகுலரில் மங்கலான பொட்டாகத் தெரியும். பட்டையைப் பார்க்க ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கியும், உண்மையான இருட்டும் வேண்டும். எனக்கு நான்கு முயற்சிகளில் ஒரு முறைதான் தெரிந்தது, அதுவும் ஓரக்கண்ணால்.

ஹைதராபாத்துக்கும் தென்வானத்துக்கும் பழைய பந்தம் உண்டு. 1901இல் நவாப் ஜாஃபர் ஜங் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து, நிஜாமின் அனுமதியோடு ஒரு வானாய்வகம் அமைத்தார். அதுதான் நிஜாமியா வானாய்வகம். அவர் மறைவுக்குப் பின் 1908இல் நிஜாம் அரசு அதை ஏற்றுக்கொண்டு பேகம்பேட்டையில் நிறுவியது. உலகமே கூடி வானம் முழுவதையும் புகைப்படத் தகட்டில் பதியும் மாபெரும் பணியில், தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான பட்டை சிலி நாட்டின் சாண்டியாகோவிடமிருந்து நம் ஹைதராபாத்துக்கு வந்தது. பிறகு வடக்கிலும் ஒரு பட்டை சேர்ந்தது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களின் இடங்களை இங்கே அளந்து அச்சிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம்; ஒவ்வொரு பொட்டாக, கண்ணும் கையும் கொண்டு. 1918இல் டி.பி. பாஸ்கர சாஸ்திரி இயக்குநர் பொறுப்பேற்று 1944 வரை அதை நடத்தினார்.

அங்கே உதவியாளராக வேலை பார்த்த ஒருவரின் மகன்தான் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தில் வளர்ந்து, நிஜாம் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டு சென்று 1949இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. 1960இல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநரானார். பிறகு பெரிய தொலைநோக்கிக்கு இடம் தேடியபோது அவர் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். வடக்கே ஹைதராபாத்தில் வளர்ந்தவர் பன்னிரண்டரைப் பாகைக்கு இறங்கி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கிருந்து தென்வானமும் நன்றாகக் கைக்கெட்டும் என்பது. அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை. 1982இல் காலமானார், 1986 ஜனவரியில் அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஊருக்குப் போகும்போது வாணியம்பாடி, திருப்பத்தூர் வழியாகப் போகிறவர்கள் குழந்தைகளை ஒருமுறை காவலூர் அழைத்துச் செல்லலாம்.

பேகம்பேட்டையில் இன்று நின்றால் ஒமேகா சென்டாரியைப் பார்க்க முடியாது. தெரு விளக்கும் விளம்பரப் பலகையும் வானத்தைப் பாலாக்கிவிட்டன. பைனாகுலர் இருந்தால் புறநகர் மாடியில் ஒருவேளை கிடைக்கும். முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் வெளியே போக வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் நான் மேதக் பக்கம், அதாவது நகரத்துக்கு வடக்கே போனேன். அருமையான இருட்டு, ஆனால் நமக்கு வேண்டிய தெற்குத் திசையில்தான் ஹைதராபாத்தின் வெளிச்சம் பந்தலிட்டிருந்தது! தென்வானம் பார்க்க நகரத்துக்குத் தெற்கேதான் போக வேண்டும், ஸ்ரீசைலம் சாலையில். நகர வெளிச்சம் அப்போது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். டிண்டி நீர்த்தேக்கம் போன்ற இடத்தில் வடகரையில் நின்றால், தெற்கே தண்ணீர், மரமும் மறைப்பதில்லை.

காலம்? மே நடுவில் இரவு பத்து மணி. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு. மார்ச் நடுவில் பின்னிரவு இரண்டு மணி. ஜூன் வந்தால் மழை மேகம் கதவைச் சாத்திவிடும். அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கட்டும். சித்திரா பௌர்ணமியன்று போய்விடாதீர்கள், முழுநிலா சித்திரைக்குப் பக்கத்திலேயே குந்தியிருக்கும். மே மாதத்தில் புழுதி மூட்டம் அதிகம். ஆனால் சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்து வெளுத்தால், அன்று ராத்திரி கழுவிவிட்ட மாதிரி வானம் கிடைக்கும். அந்த நாளை விடக்கூடாது.

வழி சொல்கிறேன். சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு வந்ததும் நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். சித்திரையிலிருந்து செங்குத்தாகக் கீழே மூன்று முஷ்டி இறங்கினால் சென்டாரஸ் ஏ. இன்னும் அரை முஷ்டி இறங்கினால் ஒமேகா சென்டாரி. அடிவானத்திலிருந்து அதன் உயரம் 25 பாகை. இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பது இயற்கை நமக்குச் செய்த சௌகரியம். அண்ணன் தம்பி இருவரும் முழு உயரத்துக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். அதற்குள் தோசை மிளகாய்ப்பொடியை முடித்துவிடலாம்.

வானமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் அச்சு பம்பரம் போல ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை தலையாட்டுகிறது. எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலிருந்து தாலமி ஆல்ஃபா சென்டாரியைப் பார்த்தார். இன்று அந்த ஊரில் அது உதிப்பதே இல்லை. நாம் நகராவிட்டாலும் சில நட்சத்திரங்கள் நம்மைவிட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

என் மகன் டெல்லிப் பக்கம் நொய்டாவில் இருக்கிறான். அவன் மகளுக்கு 2023இல் பத்து வயது. கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். வைகாசி அமாவாசை மே 19, வெள்ளிக்கிழமை. அன்று போனோம், ஒன்றும் தெரியவில்லை, ஒரே மூட்டம். குழந்தை காரிலேயே தூங்கிவிட்டாள். மறுநாள் மாலை நாலு தூறல் போட்டது. "திரும்பவுமா?" என்று வீட்டில் எல்லோரும் முறைத்தார்கள். மருமகள் மட்டும் ஃபிளாஸ்கில் காபி போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ரயில்.

ஒன்பதே முக்காலுக்குச் சித்திரை உச்சிக்கு வந்தது. பைனாகுலரைக் கார் கூரைமேல் ஊன்றி, அவளை ஒரு ஸ்டூலில் ஏற்றினேன். "பஞ்சு மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். ஒமேகா சென்டாரிதான். பிறகு பதினொரு மணிக்குத் தெற்கே தண்ணீருக்கு மேலே அந்த இரண்டையும் காட்டினேன். அப்பா சொன்ன பெயரையே சொன்னேன். பெரிய தூரக் கணக்கையெல்லாம் கேட்டுக்கொண்டவள், "எங்க வீட்டு மாடியில இது தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். உங்கள் ஊரில் வானம் இன்னும் கொஞ்சம் சரிந்து கிடக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, தண்ணீரின் விளிம்பில் வைத்து உயரத்தை அளந்து பார்த்துக்கொண்டாள்.